வேண்டும் என்பவர்கள் வெளியே

எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தினர் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு, மன்னார்ப் பேசாலை ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். வெளிநாட்டில் நான் அடைந்த வெற்றியைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்றார்கள். எழுத ஒப்புக்கொண்டேன். எழுதி முடித்தபோது அது வெற்றியைப் பற்றிய கட்டுரையாக இல்லை. ஆசிரியர் குழு விரும்பினால் வெளியிடட்டும். விரும்பாவிட்டால் எனக்கு மனவருத்தம் இல்லை.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது ஊரில் பலருக்குச் சரியாகத் தெரியாது. அண்ணன் மரியதாஸ் என்னை அறிமுகப்படுத்தும்போது, "தம்பி அவுஸ்திரேலியாவில காசடிச்சவன். பிடிபடாமல் வந்திட்டான்" என்பார். நான் அடித்ததில்லை. எத்தனை அடிப்பது என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் பிரிவில் இருந்தேன். அந்த நாணயங்கள் கடையில் கொடுத்துப் பாண் வாங்கும் காசும் அல்ல. வெள்ளியில் செய்து, கண்ணாடிபோல மினுக்கி, சிறு பெட்டியில் வைத்து, சேகரிப்பாளர்களுக்கு விற்கப்படும் டொலர் நாணயங்கள். முகப்பில் ஒரு டொலர் என்றுதான் இருக்கும்; விலை அதைப்போலப் பல மடங்கு. எங்கள் நாணயச்சாலை ஒரு தனியார் நிறுவனம். பசிபிக் கடலில் உள்ள சின்னஞ்சிறு தீவு நாடுகள் தங்கள் பெயரில் நாணயம் வெளியிட அதற்கு அனுமதி கொடுத்திருந்தன. விற்பனையில் ஒரு பங்கு அந்தத் தீவுகளுக்குப் போகும். அங்கே வாழ்கிற மக்களில் பெரும்பாலானோர் அந்த நாணயங்களைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள்.

அந்த வேலையில் இருந்தபோது நான் சொன்ன ஒரு பொய்யால், என்னை நம்பிய ஒரு பெண்மணி தன் வேலையை இழந்தார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் நீட்டத் தேவையில்லை. கணிதம் படித்தேன். நாடு கெட்டுப்போன காலத்தில் மனைவி பிலோமினாவுடன் புறப்பட்டேன். முதலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினேன். பிறகு நாணயச்சாலையின் கணக்குப் பகுதியில் இடம் கிடைத்தது. அங்கே தொகை தீர்மானிக்கும் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவர் மிசிஸ் ஹாலரன். கந்தோரில் எல்லோரும் அவரை மொய்ரா என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடமாக மிசிஸ் ஹாலரன் என்றே கூப்பிட்டேன். அவரும் பழிக்குப் பழியாக, எல்லோரும் டோனி என்கிற என்னை, நாக்கை மடக்கிச் சிரமப்பட்டு, "மிஸ்டர் அந்தோனிப்பிள்ளை" என்று முழுதாகச் சொல்வார்.

எத்தனை நாணயம் அடிப்பது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதான கேள்வி. கேட்கிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை அடித்தால் போயிற்று. ஆனால் கேட்கிறவர்கள் யார் என்று தெரிவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். வெள்ளி வில்லைகளைச் சுத்திகரிப்பு ஆலையிடம் மாதக்கணக்கில் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும். வெள்ளியின் விலை அதற்குள் ஏறலாம், இறங்கலாம். நாணயத்தை அடிக்கிற உருக்கு அச்சு, கண்ணாடிப் பளபளப்பைக் கொஞ்ச நேரமே தாங்கும். பிறகு அதை எடுத்து மினுக்க வேண்டும், அல்லது புதிது செய்ய வேண்டும். ஆகவே ஒரு அச்சின் ஆயுளில் பாதிக்கு மட்டும் அடித்து நிறுத்துவது நட்டம். பெட்டி செய்பவர் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே செய்து தரமாட்டார். இவை எல்லாம் தீர்ந்தபின் பெட்டிக்குள் ஒரு அட்டை வைக்கப்படும். இந்த நாணயம் இத்தனைக்கு மேல் அடிக்கப்படமாட்டாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அது வாங்குபவருக்குக் கொடுக்கிற வாக்கு. ஒருமுறை அச்சிட்டால் கூட்ட முடியாது.

தொகைகளை இங்கே எழுதமாட்டேன். அவை நிறுவனத்தின் சொத்து. ஒருவருக்கும் சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்தவன் நான். விகிதத்தை மட்டும் சொல்கிறேன். ஒரே தொடரில் ஐந்து நாணயம் வருமானால், முதலாவதுதான் மிக அதிகமாக விற்கும். இரண்டாவதைச் சிலர் விட்டுவிடுவார்கள். மூன்றாவதை வாங்குபவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டையும் வைத்திருப்பவர்களே. தொடரின் நடுவில் புதிதாக வந்து சேருகிறவர் அரிது. ஆகவே ஒவ்வொரு நாணயமும் முன்னதைவிடக் குறைவாக அடிக்கப்பட வேண்டும். இதுதான் எங்கள் பிரிவின் அரிச்சுவடி.

மிசிஸ் ஹாலரனின் தகப்பன் நாட்டுப்புறச் சிற்றூர் ஒன்றில் ரொட்டிக் கடை வைத்துப் பாண் சுட்டு விற்றவர். கடை பூட்டுவதற்குச் சற்று முன்பு கடைசிப் பாண் விலைப்படவேண்டும் என்பது அவருடைய கணக்கு. அதற்கு வெகுநேரம் முன்பே முடிந்தால் ஊரார் அடுத்த கடைக்குப் போவார்கள். பூட்டியபிறகும் மிஞ்சினால், நாளைக்கு மலிவாகக் கிடைக்கும் என்று காத்திருக்கப் பழகுவார்கள். மிசிஸ் ஹாலரன் நாணயத்துக்கும் அதையே சொன்னார். கடைசி நாணயம் விற்றபிறகு, இன்னும் கொஞ்சப்பேர் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அந்தக் கொஞ்சப்பேரின் ஏக்கந்தான் அடுத்த நாணயத்தை விற்றுத் தரும். அந்த ஏக்கத்தின் அளவைக் கணக்கிடுவதுதான் என் உத்தியோகம். இன்று அதை எழுதும்போது கொஞ்சம் கூசுகிறது. அப்போது அது எனக்கு அழகான கணக்காகத் தெரிந்தது.

தொகை தீர்மானிக்கிற கூட்டத்தில் மிசிஸ் ஹாலரனைத் தவிர ஐந்து பேர் இருப்போம். விற்பனை, அச்சுக்கூடம், வெள்ளி வாங்குபவர், வடிவமைப்பு, நான். ஒவ்வொருவரும் தங்கள் தொகையை ஒரு கடதாசித் துண்டில் எழுதி மடித்துக் கொடுப்போம். மிசிஸ் ஹாலரன் பிரித்து, சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக மேசையில் வைப்பார். சராசரி பார்க்கமாட்டார். மிகக் குறைவாக எழுதியவரும் மிக அதிகமாக எழுதியவரும் மட்டும் பேசவேண்டும். மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. கேட்டு முடிந்ததும் யன்னலுக்கு வெளியே கொஞ்சநேரம் பார்ப்பார். பிறகு தன் தொகையைச் சொல்வார். அதற்கு மேல் பேச்சு இல்லை. கையெழுத்து அவருடையது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வழக்கம் இருந்தது. மாதிரி வடிவத்தை மேசை நடுவில் வைத்து, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து அவர் கேட்பார்: "இதில் ஒன்று தனக்கு வேண்டும் என்பவர் யார்?"

வேண்டும் என்பவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அவர் துண்டும் எண்ணப்படாது. அறைக்கு வெளியே கூடத்தில், உட்கார ஒரு நீண்ட மர வாங்கு போட்டிருந்தது. கூட்டம் முடியும்வரை அதில் இருக்கலாம். தனக்கு ஆசையுள்ள பொருளுக்கு எவராலும் அளவு சொல்ல முடியாது என்பது அவருடைய எண்ணம். சிறுவயதில் அவருக்குக் கிறீம் பணிஸில் கொள்ளை ஆசையாம். ஒருநாள் தகப்பன் எத்தனை சுடலாம் என்று அவரிடம் கேட்டு, அவர் சொன்னபடி சுட்டு, மிஞ்சியதை வீட்டார் எல்லோரும் வெறுக்கும்வரை தின்றார்களாம்.

யாரும் அந்தக் கேள்விக்குப் பொய் சொன்னதில்லை. வெள்ளி வாங்குகிற பெரிய மனிதர், பழைய நீராவி இயந்திரம் பொறித்த நாணயத்துக்குக் காது சிவக்க எழுந்து போனார். விற்பனைக்காரர் கிரிக்கெட் நாணயம் வந்தால் கேள்வி முடிய முன்பே கதவருகில் நிற்பார். திரும்பி வரும்போது மற்றவர்கள் கேலி செய்வார்கள். நான் மட்டும் ஒருமுறையும் எழுந்து போகவில்லை. எனக்கு உண்மையாகவே ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கங்காருவும் கப்பலும் அரச குடும்பமும் எனக்கு என்ன? நான் அதைப் பெருமையாக நினைத்தேன். ஆசை இல்லாதவன் கணக்குத் தவறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் துண்டுதான் பெரும்பாலும் அவருடைய தொகைக்கு அருகில் இருந்தது. புதிதாக வந்தவர்களிடம், "இந்த மனிதருக்கு ஒன்றும் வேண்டாம். அதனால் இவர் சொன்னால் நான் கேட்பேன்" என்று அவர் சொன்னது எனக்கு விருது கிடைத்த மாதிரி இருந்தது.

பிறகு கடல் உயிர்கள் தொடர் வந்தது. அழிந்து வருகிற ஐந்து உயிர்கள், ஐந்து வெள்ளி டொலர். அந்தத் தொடர் மிசிஸ் ஹாலரனின் சொந்த யோசனை. இயக்குநர்கள் கார்களும் விமானங்களும் போதும் என்றிருந்தார்கள்; அவர் பல மாதம் வாதாடி அனுமதி வாங்கினார். ஆமை முதலில் வந்தது, முழுதும் விற்றது. கடற்குதிரை இரண்டாவது, சரியான நேரத்தில் முடிந்தது. மூன்றாவதற்கு மாதிரி வடிவத்தை, கூட்டத்துக்குச் சில கிழமை முன்பு, எங்கள் பார்வைக்காக மேசைக்குக் கொண்டுவந்தபோது நான் கதிரையைவிட்டு எழுந்து குனிந்து பார்த்தேன். கடற்புல் மேய்கிற ஒரு கடற்பன்றி; ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் சொல்வார்கள். பக்கத்தில் அதன் குட்டி.

மன்னாரில் என் வயதுக்காரருக்குக் கடற்பன்றியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது தென்கடலில் வலையில் ஒன்று அகப்பட்டது. கரைக்கு வந்தபோதே வெட்டிப் பங்கு போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. மாட்டிறைச்சி மாதிரி இருந்தது. இரண்டாம் தரமும் கேட்டுத் தின்றேன். முழு உருவத்தை நான் பார்க்கவில்லை. அதன்பின் கடலோரத்தில் வளர்ந்த அத்தனை வருடத்திலும் உயிரோடு ஒன்றைக் கண்டதில்லை. தின்ற ஒன்றை முதன்முதலாக முழுதாகப் பார்த்தது, ஊரிலிருந்து அவ்வளவு தூரத்தில், ஒரு மேசை மேல், சாந்தில் செய்த உருவமாக. அந்தக் குட்டியின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வீட்டு நினைவு வந்தது. அப்போது நான் ஊரைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. போர் முடியவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கும் போகமுடியாமல் போனவன் நான்.

எனக்கு அந்த நாணயம் வேண்டும் என்று தோன்றியது. அதோடு நிற்கவில்லை. உலகம் முழுதும் அந்த நாணயத்தை வைத்திருக்க வேண்டும் என்றும் தோன்றியது.

கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து மன்னார் ஆட்கள் தேநீருக்குக் கூடியபோது விஷயத்தைச் சொன்னேன். எல்லோர் முகமும் மலர்ந்தது. "அண்ணை, எனக்கு ரெண்டு எடுத்து வையுங்கோ" என்றார் ஒருவர். வங்காலை ஊர்ப் பெண் ஒருவர் தன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும் என்றார். விலையைச் சொன்னதும் ஒரு கிழவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உந்த விலைக்கு அந்த நாளையில நாலு கடல்பண்டி வாங்கி ஊருக்கே விருந்து குடுத்திருக்கலாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரும் தனக்கு ஒன்று என்றார். மற்றொரு நகரத்தில் இருந்தவர்களிடம் தொலைபேசியில் கேட்டேன். கனடாவில் இருந்த உறவினரிடம் கேட்டேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் ஆட்கள் சொல்லமாட்டார்கள். ஒருவன் தன் மனதுக்கு நெருங்கிய ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தால், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. கலியாணத்துக்கு வரமுடியாதவரும் கட்டாயம் வாறன் என்றுதான் சொல்வார். அழைப்பவனும் அதற்கு ஏற்றபடிதான் சோறு ஆக்குவான். இது எனக்குத் தெரியாததா? ஆனால் கேட்ட ஒவ்வொரு "ஓம்" என்ற பதிலையும் நான் வாங்குபவர் ஒருவராக எண்ணினேன். பணத்தைக் கட்டியவரை மட்டும் எண்ணு, வாயால் சொன்னவரை எண்ணாதே என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

ஊரில் இருந்த அண்ணனோடும் தொலைபேசியில் பேசினேன். அந்தக் காலத்தில் இணைப்புக் கிடைப்பதே பெரிய காரியம்.

"கடல்பண்டிக்குப் படம் போட்டுக் காசடிக்கிறாங்களோ?" என்றார். "இஞ்ச அதின்ர இறைச்சியோட பிடிபட்டால் பொலிஸ்காரன் எனக்கெல்லோ படம் எடுப்பான்."

"உங்களுக்கு ஒண்டு அனுப்பட்டே அண்ணை?"

"அனுப்படா. ஊரில இல்லாட்டியும் வீட்டில ஒண்டு கிடக்கட்டும்."

கூட்டத்தன்று மிசிஸ் ஹாலரன் வழக்கம்போல மாதிரியை நடுவில் வைத்துக் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. அவர் கண் என்னிடம் வந்து நின்றது. நான் மேசையில் குனிந்து அதைப் பார்த்ததை அவரும் கண்டிருந்தார்.

"மிஸ்டர் அந்தோனிப்பிள்ளை, இது உங்கள் கடலில் இருக்கிற பிராணி அல்லவா? உங்களுக்கு ஒன்று வேண்டாமா?"

"வேண்டாம்" என்றேன்.

"நிச்சயமாக?"

"நிச்சயமாக. எங்கள் ஊரில் அதைச் சாப்பிடுவார்கள்."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுத் துண்டுகளைக் கேட்டார். நான் எழுந்து போயிருந்தால் என் துண்டு எண்ணப்பட்டிராது. அதற்காகவே எழுந்து போகவில்லை. அந்த நிமிடத்தில் இதை நான் அறிந்தே செய்தேன். பிறகு வந்த சமாதானங்கள் எல்லாம் பிறகு வந்தவை.

நால்வரின் துண்டுகளும் கடற்குதிரையைவிடக் குறைவாக, ஒன்றுக்கொன்று அருகருகே இருந்தன. என்னுடையது ஆமையையும்விட அதிகம். அச்சுக்கூடக்காரர் தன்னையறியாமல் விசில் அடித்தார். மிகக் குறைவாக எழுதிய விற்பனைக்காரர் அரிச்சுவடியைச் சொல்லி முடித்தார். பிறகு நான் பேசினேன். ஆபிரிக்கக் கரையிலிருந்து பசிபிக்வரை எத்தனை கரைகளில் இந்தப் பிராணி இருக்கிறது, அந்தக் கரைகளிலிருந்து வந்தவர்கள் எத்தனை நகரங்களில் வாழ்கிறார்கள், அவர்கள் இதுவரை எங்களிடம் ஒன்றும் வாங்காத புதிய மக்கள் என்றெல்லாம் சொன்னேன். நன்றாகப் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. மிசிஸ் ஹாலரன் யன்னலைப் பார்த்தார். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு என் தொகையிலிருந்து சிறிது குறைத்து, அதைச் சொன்னார்.

நடந்தது எல்லோரும் எதிர்பார்க்கக்கூடியதுதான். தொடரை வாங்கி வந்தவர்கள் வழக்கம்போல வாங்கினார்கள். புதிய மக்கள் வரவில்லை. தேவாலயத்தில் என்னைக் கண்டவர்கள், "அண்ணை, அந்தக் காசு வந்திட்டுதோ?" என்று அன்பாக விசாரித்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை. அவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்லமாட்டேன். வெள்ளி வில்லைகள் எல்லாம் வந்து இறங்கியிருந்தன. வெள்ளி விலையும் விழுந்துகொண்டிருந்தது. அவற்றைத் திருப்பி விற்றால் நட்டம்; ஆகவே குறைத்து அடிக்கவும் இயக்குநர்கள் விடவில்லை. மிஞ்சிய பெட்டிகளை அவர்களே ஒரு மலிவு வியாபாரிக்குத் தள்ளினார்கள். முழு விலை கொடுத்த சேகரிப்பாளர்கள் அதே நாணயம் அரை விலைக்குப் போவதைக் கண்டார்கள். அவர்கள் எழுதிய கடிதங்களில் ஒரு மரியாதையான கசப்பு இருந்தது. நான்காவது நாணயத்துக்குப் பதிந்தவர்களில் பாதிப்பேர் விலகினார்கள். தொடரை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தொடருக்குப் பெயர் கொடுத்த சிறு தீவு நாட்டுக்குப் போகவேண்டிய பங்கும் நின்றது.

இயக்குநர்கள் மிசிஸ் ஹாலரனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். துண்டுகள் கூட்டம் முடிந்தவுடன் கிழிக்கப்படும். யார் எந்தத் தொகை எழுதினார் என்று எங்கும் இராது. அது அவருடைய ஏற்பாடு. தொகை தன்னுடையது என்று மட்டும் அவர் சொன்னார். விசாரணை முடிந்து திரும்பியவர் என் மேசையருகில் நின்று, பென்சில் ஒன்றை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோழிக் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"அவவிட்டப் போய்ச் சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்லுறது? கணக்குப் பிழைச்சுப் போச்சு எண்டோ?"

"கணக்குப் பிழைக்கேல்லை. உங்களுக்கு ஆசை இருந்தது. அதை இல்லையெண்டு சொன்னீங்கள். அதைப் போய்ச் சொல்லுங்கோ."

நாளைக்குச் சொல்வேன் என்றேன். எங்களுக்கு வீட்டுக்கடன் இருந்தது, பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், ஊருக்கு உதவ வேண்டியிருந்தது. இவை உண்மையான காரணங்கள். ஆனாலும் நான் சொல்லாததற்கு முதல் காரணம் வெட்கம். மிசிஸ் ஹாலரன் ஓய்வு வயதுக்கு முன்பே விலகிக்கொண்டார். விலகும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார் என்பதே சரி. பிரியாவிடையில் எனக்குக் கைகொடுத்து, "இனி நீங்கள் யன்னலைப் பாருங்கள்" என்றார். அவருடைய இடத்துக்கு என்னை நியமித்தார்கள்.

நான் தலைமை வகித்த முதல் கூட்டத்தில் மாதிரியை மேசை நடுவில் வைத்தேன். எல்லோரும் கேள்வியை எதிர்பார்த்து என்னைப் பார்த்தார்கள். "துண்டுகளைக் கொடுங்கள்" என்றேன். அடுத்த கூட்டத்திலும் கேட்கவில்லை. அதன்பின் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் கூடத்து வாங்கை எங்கேயோ கொண்டு போய்விட்டார்கள். ஓய்வு பெறும்வரை அந்தக் கதிரையில் இருந்தேன்; பெரிய தவறு எதுவும் நடக்கவில்லை. கடற்பன்றி நாணயம் ஒன்றையும் நான் வாங்கவில்லை. அண்ணனிடம் அது விற்று முடிந்துபோயிற்று என்று சொன்னேன்.

பிலோமினா இறந்தபின் ஊருக்குத் திரும்பிவிட முடிவு செய்தேன். புறப்படுவதற்கு முன் மிசிஸ் ஹாலரனைப் பார்க்கப் போனேன். தன் தகப்பனின் ஊரிலேயே ஒரு சிறு வீட்டில் இருந்தார். வயது போயிருந்தாலும் கதவைத் திறந்ததும், "மிஸ்டர் அந்தோனிப்பிள்ளை" என்று முழுப் பெயரையும் தடங்கலில்லாமல் சொன்னார். தேநீர் ஊற்றித் தந்தார். நான் அதைக் குடிக்க முன்பே சொல்லிவிட்டேன்: எனக்கு அன்று ஒன்று வேண்டியிருந்தது, இல்லையென்று சொன்னேன், அதனால்தான் உங்கள் வேலை போனது.

தான் அதைச் சந்தேகித்ததில்லை என்று அவர் சொன்னார். கணக்குத்தான் பிழைத்தது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாராம். அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

"வெளியே போனவர்களுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"நத்தார்ப் பண்டிகைக்கு அவர்களுக்கு அந்த நாணயத்தில் ஒன்று போகும். என் செலவில் வாங்குவேன். வெளியே சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். நாள் முழுதும் மற்றவர்களின் ஆசையை எண்ணுகிறவர்கள் நீங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அறிய எனக்கு வேறு வழி தெரியவில்லை." கோப்பையைத் தட்டில் வைத்தார். "உங்களுக்கு மட்டும் நான் ஒன்றும் கொடுத்ததில்லை. இருபது வருடம் காத்திருந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். வேலை போனது அப்போது கடினமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது என்றார். பிறகு, அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படுகிறதா என்று விசாரித்தார். நான் நிறுத்திவிட்டேன் என்றதும் அவருடைய முகம் மாறியது. கோபத்தை அன்றுதான் அந்த முகத்தில் முதல் தடவையாகக் கண்டேன்.

"அதை ஏன் நிறுத்தினீர்கள்? என் வேலையைவிட அது பெரியது" என்றார்.

நான் விடைபெற எழுந்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை; நானும் மறுபடி கேட்கவில்லை.

ஊருக்கு வந்தபின் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். "அவ்வளவு தூரம் போய் ஒரு பண்டிக்குப் பொய் சொன்னியோ?" என்றார். அதற்குமேல் அவர் கேலி செய்யவில்லை. சில காலைகளில் அவருடைய மகனின் வள்ளத்தில் ஏறித் தென்கடலுக்குப் போகிறேன். கடற்புல் படர்ந்த இடங்களில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்னும் ஒன்றையும் காணவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய நாட்களில், என் பழைய பிரிவில் இப்போது தலைமையில் இருக்கிற கிறேஸ் என்ற இளம்பெண் மின்னஞ்சல் அனுப்பினாள். இப்போது தொகையைக் கணினி நிரல் ஒன்று சொல்கிறதாம். கூட்டம் அதற்கு ஒப்புதல் கொடுத்தால் போதும். நிரல் வருவதற்கு முன்பு எப்படித் தீர்மானித்தீர்கள் என்று கேட்டிருந்தாள். துண்டுகள், சிறியதும் பெரியதும் பேசுவது, யன்னல் எல்லாவற்றையும் எழுதினேன். அந்தக் கேள்வியையும், அதை யார் தொடங்கினார், யார் நிறுத்தினார், ஏன் என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன்.

அவளுடைய பதில் போன கிழமை வந்தது. அடுத்த கூட்டத்தில் மாதிரியை மேசையில் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தாளாம். முதலில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்களாம். பிறகு ஐந்து பேரில் மூன்று பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். கூடத்தில் வாங்கு இல்லாததால் சுவரில் சாய்ந்து நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்களாம். உள்ளே மிஞ்சிய இரண்டு பேரோடு என்ன செய்வது என்று தெரியாமல் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டாள். இனி என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

மிசிஸ் ஹாலரனிடம் கேட்கும்படி எழுதி, அவருடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அந்தப் பதில் தெரியாது. நான் எப்போதும் உள்ளே இருந்தவன். அந்த மூன்று பேர் சுவரில் சாய்ந்து நிற்பதை அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களோடு நாலாவது ஆளாகப் போய் நிற்க எனக்கு ஆசையாக இருக்கிறது.